எங்கும் போகாத பந்துவீச்சாளர் தேவை

விக்கெட் காப்பாளனுக்கு ஒரு வசதி உண்டு. பந்து வீச ஓடி வருகிறவனுடைய முகத்தை அவன் நேருக்கு நேர் பார்க்கலாம். துடுப்புப் பிடித்திருப்பவனும் பார்க்கலாம்தான். ஆனால் பயத்தில் அவனுக்குப் பந்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. உரும்பிராயில் எங்கள் கழகத்துக்காக, பள்ளிக்கூடம் விட்ட காலம் தொடக்கம் நான் அந்த இடத்தில் குந்தியிருக்கிறேன். எனக்கு முன்னால் ஓடி வந்த வேகப்பந்து வீச்சாளர்கள் அத்தனை பேரும் இப்போது வெளிநாட்டில். ஒருவன் லண்டனில் பெற்றோல் நிலையத்தில் நிற்கிறான். ஒருவன் பாரிசில் கோப்பை கழுவத் தொடங்கி இப்போது சமைக்கிறான். கடைசியாகப் போனவன், கனடாவுக்கு விசிற் விசா அள்ளிக் கொடுத்த காலத்தில், ஒரு போட்டியின் தேநீர் இடைவேளையில் தொலைபேசியில் கதைத்துவிட்டுக் காலணியைக் கழற்றியவன். திரும்பிக் களத்துக்கு வரவே இல்லை. அன்று பிற்பகல் அவனுக்கு இன்னும் ஓவர்கள் மிச்சம் இருந்தன.

நான் போகவில்லை. போக முயலாமல் விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு முறை ஏஜென்சிக்காரனை நம்பிக் கொழும்பு லொட்ஜில் கிடந்துவிட்டு, இரண்டு முறையும் ஊர் திரும்பினேன். பிறகு வயது போய்விட்டது. சந்தியில் ஓர் உரக்கடையில் வேலை செய்கிறேன். பகலில் பூச்சிமருந்துப் போத்தல்களை எடுத்துக் கொடுப்பேன், பின்னேரம் கையுறை போடுவேன். என் விரல்களைப் பார்த்தால் எந்த விரல் எந்தப் பந்துவீச்சாளனால் கோணியது என்று என்னால் சொல்ல முடியும். அவர்கள் எல்லாரும் வெளிநாடு போய்ச் சேர்ந்த பிறகும் விரல்கள் நேராகவில்லை.

நான் சொல்ல வந்தது போன பருவத்தில் நடந்ததை. அதற்கு முதல் ஆண்டு எங்கள் கழகம் கடினப்பந்து லீக்கில் கடைசி இடத்துக்கு வந்திருந்தது. இன்னொரு முறை கடைசியாக வந்தால் லீக்கில் இருந்து எடுத்துவிடுவோம் என்று கிரிக்கெட் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு பெரிய விசயமாகத் தெரியாது. கடினப்பந்து போனால் மென்பந்து இருக்கிறதே என்பார்கள். மென்பந்து என்பது வாடகைக்கு எடுத்த விளக்கு வெளிச்சத்தில், ஒலிபெருக்கி அலற, ஒரே இரவில் ஆடி முடிக்கிற கூத்து. அதற்குக் கழகம் தேவையில்லை. பத்துப் பேரும் ஒரே நிறச் சேட்டும் போதும். கடினப்பந்து இருக்கிறவரைதான் செம்மண் மைதானத்தை உருளை போட்டு உருட்டுவார்கள், பந்து விழுகிற இடத்தில் பாய் விரிப்பார்கள், பெடியள் பின்னேரத்தில் வருவார்கள். அது நின்றால் அங்கே மாடு கட்டுவார்கள். எனக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதும் உண்மை. மனைவியிடம் கேட்டால் அதைத்தான் முதலில் சொல்லுவாள்.

துடுப்பாட்டக்காரர்கள் ஒருமாதிரிச் சமாளிப்பார்கள். எங்களுக்கு இல்லாதது ஒரு வேகப்பந்து வீச்சாளன். ஊருக்குள் தேடி முடிந்துவிட்டது. ஆகவே வேறு கழகத்தில் இருந்து ஒருவனைக் கேட்டு எடுப்பது, பதிலுக்கு எங்களிடம் இருக்கிற எதையாவது கொடுப்பது என்று முடிவாயிற்று.

இதைப் பேசுவதற்கு நாங்கள் சனசமூக நிலையத்தில் கூடினோம். தலைவர், செயலாளர், நான். தலைவர் வெங்காயமும் பீற்றூட்டும் செய்கிறவர். தலைவர் பதவி தனக்கு வேண்டாம் என்று ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் எழும்பி நின்று சொல்லுவார். எடுக்க வேறு ஆள் இல்லாதபடியால் மறுபடி இருந்துவிடுவார். செயலாளர் சந்தியில் ஸ்ரூடியோ வைத்திருக்கிறான். எங்களுக்கு முன்னால் மேசையில் அன்றைய பத்திரிகைகள் கிடந்தன. தலைவர் அவற்றில் மரண அறிவித்தல் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டுதான் கதைக்கத் தொடங்கினார்.

அவர் ஆரையும் அளப்பது அந்தப் பக்கத்தை வைத்துத்தான். எங்கள் பத்திரிகைகளில் மரண அறிவித்தல் என்றால், இறந்தவருடைய பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாருடைய பெயரும் வரும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் இருக்கிற நாடும் வரும். தலைவருக்கு வலிகாமம் முழுவதும் எந்த வீட்டில் ஆர் எந்த நாட்டில் என்று மனப்பாடம். கலியாணத் தரகர்கள்கூட அவரிடம் வந்து கேட்டுப் போவார்கள். பந்துவீச்சாளனையும் அவர் அப்படித்தான் பார்த்தார்.

முதலாவதாகச் செயலாளர் சொன்னது கோப்பாய்ப் பெடியன் ஒருவனை. நான் அவனுக்கு எதிராக ஆடியிருக்கிறேன். வலிகாமத்தில் அவனுக்கு மேல் வேகமாகப் போடுகிற ஆள் அப்போது இல்லை. பந்து பாயில் விழுந்து எழும்பி வருவது காதுக்குக் கேட்கும், கண்ணுக்குத் தெரியாது.

“உவன்ரை பெரியப்பா போன வருசம்தானே மோசம் போனவர்,” என்றார் தலைவர். “அறிவித்தலிலை பாத்தனான். ரெண்டு தமக்கைமாரும் பிரான்சிலை. பாஸ்போட்டும் புதுப்பிச்சிட்டான் எண்டு விதானையார் சொன்னவர். உவன் சித்திரைக்குள்ளை போயிடுவான்.”

“அதுவரைக்கும் போடுவான்தானே?” என்றேன்.

“லீக் முடியிறது ஆனியிலை, தம்பி. பாதியிலை விட்டிட்டுப் போனா ஆரை வைச்சு மிச்சத்தை முடிக்கிறது? நீ பட்டது காணாதே?”

எனக்குத் தேநீர் இடைவேளை நினைவுக்கு வந்தது.

இரண்டாவது ஆள் சாவகச்சேரி. இடக்கை. செயலாளர் அவனுடைய பந்துவீச்சைத் தன் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். பந்து உள்ளேயும் போனது, வெளியேயும் போனது. பார்த்துக்கொண்டிருக்கவே என் வாயில் எச்சில் ஊறியது. இப்படி ஒருவனுக்குப் பின்னால் குந்துவதற்கு நான் என்னவும் கொடுப்பேன்.

தலைவர் படத்தைப் பார்க்கவில்லை. “உவனுக்குச் சுவிசிலை ஒரு பொம்பிளை பேசுகினம். சாதகமும் பொருந்திட்டுதாம்.”

“ரெண்டு பக்கமும் வளைக்கிறான், அண்ணை,” என்று செயலாளர் கெஞ்சினான்.

“வளைப்பான். சுவிசிலை போய் நிண்டு வளைக்கட்டும்.”

மூன்றாமவன் குருநகர்ப் பெடியன். அவனைப் பற்றிச் செயலாளருக்கே பெரிய ஆர்வம் இல்லை. வேகம் சுமார். ஆள் கட்டை. ஆனால் போட்ட இடத்திலேயே திரும்பத் திரும்பப் போடுவான். தகப்பன் வேறொருவரின் படகில் கூலிக்குத் தொழிலுக்குப் போகிறார். தாய்க்குக் கடும் நீரிழிவு, கால் ஒன்று புண். படிக்கிற தங்கைமார் இரண்டு பேர். பெடியனும் தகப்பனோடு கடலுக்குப் போய் வருகிறான்.

“வெளியிலை ஆர் இருக்கினம்?” என்றார் தலைவர்.

“ஒருத்தரும் இல்லையாம்.”

“சித்தப்பன், மாமன்?”

“எல்லாரும் குருநகர்தான்.”

“பாஸ்போட்?”

“பாஸ்போட்டே எடுக்கேல்லையாம்.”

தலைவர் பத்திரிகையை மடித்து வைத்தார். எங்கள் மூன்று பேருடைய முகமும் மலர்ந்துவிட்டது. ஒரு குடும்பத்தின் கஷ்டத்தை ஒவ்வொன்றாகக் கேட்டு அப்படிச் சந்தோசப்பட்ட கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவன் எத்தனை விக்கெட் எடுத்திருக்கிறான் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அதைப் பிறகுதான் கவனித்தேன்.

அடுத்த ஞாயிறு தலைவரும் நானும் மோட்டார் சைக்கிளில் குருநகருக்குப் போனோம். அங்கே உதைபந்தாட்டம்தான் உயிர். கடற்கரைப் பக்கமாக வலை காயப்போட்டிருந்த இடத்தைத் தாண்டி அவர்களுடைய கழகம். அவர்களின் தலைவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். கிரிக்கெட்காரன் ஒருவனுக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. “கொண்டு போங்கோ,” என்றார். “அவன் இஞ்சை சும்மாதான் நிக்கிறான். பதிலுக்கு உங்கடை நெட்டையனைத் தாங்கோ.”

நெட்டையன் என்றது எங்கள் கோல் காப்பாளனை. எங்கள் கழகத்தில் உதைபந்தாட்டம் எப்போதோ படுத்துவிட்டது. அவன் ஒருவன் மட்டும் கம்பத்தின் கீழ் நின்றுகொண்டிருந்தான். கொடுக்க எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அவர்களும் சும்மா வாங்கவில்லை. “பெடியனுக்கு வெளியிலை ஆர் இருக்கினம்?” என்று கேட்டார்கள். நான் சிரிப்பை அடக்க வேறு பக்கம் பார்த்தேன்.

“ஒரு மாமன் ஜேர்மனியிலை,” என்றார் எங்கள் தலைவர். “காணிச் சண்டை. கதை பேச்சில்லை.”

அவர்கள் திருப்தியாகத் தலையாட்டினார்கள். பேச்சு முடிந்தது. எங்களுக்குத் தண்ணீர்ச் சோடா தந்தார்கள்.

பெடியன் முதல் போட்டிக்கே ஒரு சிக்கலோடு வந்தான். ஞாயிற்றுக்கிழமையில் தேவாலயப் பூசைக்குப் போகாமல் வரமாட்டான். தாயின் கட்டளை. பூசை முடித்து, பஸ் பிடித்து, சந்தியில் இறங்கி நடந்து வரும்போது போட்டி தொடங்கி நெடுநேரம் ஆகியிருக்கும். ஆகவே ஞாயிறுகளில் நாணயச் சுழற்சியில் வென்றால் கண்ணை மூடிக்கொண்டு துடுப்பெடுத்தாடுவோம். தோற்றால் எதிரணிக்காரன் முகத்தைப் பார்த்தே அவனுக்கு விசயம் தெரியும் என்று கண்டுகொள்வோம். அவன் உடனே எங்களைக் களத்தடுப்புக்கு அனுப்புவான். பத்துப் பேரோடு நிற்போம். நான் விக்கெட்டுக்குப் பின்னால் இருந்துகொண்டு பந்தைப் பார்ப்பதை விட்டுப் பலாலி வீதியில் வருகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் வந்தபின் போடுவான். அவனைப்போல ஒருவனுக்கு நான் காப்பு நின்றதில்லை. வேகமானவர்கள் நிறையப் பேரைக் கண்டிருக்கிறேன். அவர்கள் துடுப்பாட்டக்காரனைப் பயப்படுத்துவார்கள், சிலவேளை என்னையும் பயப்படுத்துவார்கள். இவன் யாரையும் பயப்படுத்தவில்லை. ஒரே இடத்தில் போட்டான். மறுபடி அதே இடத்தில் போட்டான். துடுப்பாட்டக்காரன் பொறுமை இழந்து தானாக வந்து வெளியேறிப் போவான். ஓடி வரும்போது அவன் முகத்தில் கோபமும் இல்லை, ஆசையும் இல்லை. ஏதோ செய்து முடிக்க வேண்டிய வேலையைச் செய்கிறவன் போல இருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது. வேலை செய்கிறவன் நிற்பான், ஓடமாட்டான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஊரில் புறுபுறுத்தவர்களும் உண்டு. குருநகரில் இருந்து ஆள் பிடித்துத்தான் உரும்பிராய் ஆட வேண்டுமா என்று உரக்கடைக்கு வந்தே கேட்டார்கள். உங்கள் மகனை அனுப்புங்கள் என்பேன். மகன் குவைத்தில் நிற்பான், அல்லது போலந்தில். கேட்டவர் மருந்துப் போத்தலை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

நாங்கள் வென்றோம். எல்லாவற்றையும் அல்ல, ஆனால் அடுத்தடுத்துச் சில போட்டிகளை வென்றோம். கடைசி இடத்தில் இருந்து ஒரு படி மேலே வந்தோம். போட்டி முடிய நான்தான் அவனை மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணம் வரைக்கும் கொண்டுபோய் விடுவேன். வழியில் அதிகம் கதைக்கமாட்டான். இங்கிருந்து போனவர்கள் லண்டனில் நடத்துகிற எங்கள் கழகத்துக் கிளை பற்றி மட்டும் கேட்பான். அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்த மாதத்தில் விளையாடுவார்கள், அங்கேயும் பாயில்தான் ஆடுவார்களா. பொழுது போகக் கேட்கிறான் என்று நினைத்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

செயலாளர் எங்கள் போட்டிகளைக் கைத்தொலைபேசியில் நேரலையாக விடத் தொடங்கியிருந்தான். பூவரச மரத்தில் தொலைபேசியைக் கட்டிவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். லண்டனில் வேலைக்குப் போகிற வழியில் அவர்கள் பார்ப்பார்கள். ‘போடு தம்பி’ என்று எழுதுவார்கள். எனக்கு முன்னால் ஒரு காலத்தில் ஓடி வந்த அந்தப் பெற்றோல் நிலையத்துக்காரன், ‘காப்பு நிக்கிறவருக்கு வயசு போட்டுது’ என்று எழுதினான். அவனுக்கு என்னைவிட வயது கூட.

ஒரு நாள் கிளையில் இருந்து தலைவருக்கு அழைப்பு வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். அங்கே கோடையில் யாழ்ப்பாணத்துக் கழகங்களின் கிளைகளெல்லாம் சேர்ந்து சுற்றுப்போட்டி வைப்பார்களாம். எங்கள் கிளையில் பந்து போட ஆள் இல்லையாம். இருப்பவர்களுக்கெல்லாம் முழங்கால் போய்விட்டதாம். நாங்கள் வளர்த்து அனுப்பியவர்களின் முழங்கால்கள்தான். ஆகவே இந்தப் பெடியனைக் கூப்பிட்டு ஆட வைக்கலாம் என்று தீர்மானித்திருக்கிறார்கள். வேறு ஊர்களில் இருந்தும் இரண்டு மூன்று பேரை நேரலையில் பார்த்தார்களாம். எல்லாரோடும் ஒப்பிட்டுப் பார்த்ததில் இவன்தான் பொருத்தமாம்.

தலைவர் தொலைபேசியை மேசையில் வைத்தார். பிறகு வெடித்தார். “இருந்ததெல்லாத்தையும் உருவி எடுத்தவங்கள். இப்ப மிச்சமா நிக்கிற ஒண்டையும் கேக்கிறாங்கள். அவங்களுக்கு வெக்கமில்லையே?”

“இல்லையெண்டு சொல்லுங்கோவன்,” என்றேன்.

“எப்படிச் சொல்லுறது? பாய் ஆர் வாங்கித் தந்தது? பந்து ஆர் அனுப்புறது? உன்ரை கையிலை கிடக்கிற கிளவுஸ் ஆற்றை?”

என் கையுறையும் லண்டன்தான். நான் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

பெடியனிடம் நான்தான் விசயத்தைச் சொன்னேன். அவன் குதிக்கவில்லை. பாஸ்போட் எடுக்க எத்தனை நாள் பிடிக்கும் என்று மட்டும் கேட்டான். பந்து போடும்போது இருக்கிற அதே முகம். பாஸ்போட்டும் வந்தது, கிளையின் அழைப்பும் வந்தது, கொழும்புக்குப் போய் விசாவுக்கு விரலடையாளம் கொடுக்க நாளும் வந்தது. நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த நாள் சனி எங்களுடைய கடைசிப் போட்டி. எதிரணியும் எங்களைப்போல அடியில் கிடக்கிற அணிதான். அன்று தோற்கிறவன் கடைசி. கடைசியாக வருகிறவன் வெளியே.

“வெள்ளி இரவு பஸ் ஏறிச் சனி விடிய வந்திடுவன், அண்ணை,” என்றான். “நேரை கிரவுண்டுக்கே வாறன். நீங்கள் யோசியாதையுங்கோ.”

அவன் பொய் சொல்லவில்லை. வரத்தான் நினைத்திருந்தான். சனி காலை நாணயம் சுண்டுவதற்குச் சற்று முன் அழைத்தான், முதல் நாளே சொல்ல மனம் வரவில்லையாம். ஏதோ ஒரு தாள் குறைகிறதாம், திங்கட்கிழமை திரும்ப வரச் சொல்லிவிட்டார்களாம். யாழ்ப்பாணம் வந்து மறுபடி கொழும்பு போவதற்குக் கையில் காசில்லையாம். “என்ன செய்ய, அண்ணை?” என்றான். அங்கேயே நில் என்றேன். வேறு என்ன சொல்வது? அங்கே அவனும் அவன் குடும்பமும். இங்கே ஒரு மைதானம். இதில் எது பெரிது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டும் வயிறெரிந்தது.

அந்தப் போட்டியைப் பற்றி எழுத அதிகம் இல்லை. எங்களில் ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். முதலில் ஆடிக் கொஞ்சம் ஓட்டம் எடுத்தோம், கேவலம் என்று சொல்ல முடியாத அளவு. பிறகு பந்து போடத் தலைவரின் மருமகன் ஓடி வந்தான். அவன் ஓடி வருவதைப் பார்க்கும்போதே முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பந்துகள் என்னிடம் வரவே இல்லை, எல்லைக்கோட்டுக்குப் போயின. வெயிலில் செம்மண் தூசி எழும்பி எல்லாருடைய வெள்ளைக் காற்சட்டையையும் பழுப்பாக்கியது. பின்னேரத் தேநீருக்கு முன்னமே எல்லாம் முடிந்தது. தலைவர் விறாந்தையில் இருந்து எழும்பி, தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் மாறவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்தது. இந்த வயதில் இதற்காக அழக்கூடாது என்று கையுறையால் முகத்தைத் துடைத்தேன்.

லீக்கில் இருந்து எங்களை எடுத்துவிட்டார்கள். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. பாயைச் சுருட்டிச் சனசமூக நிலையத்தின் பின்னறையில் போட்டோம்.

சில கிழமை கழித்துப் பெடியனின் விசா மறுக்கப்பட்டதாகச் செயலாளர் வந்து சொன்னான். காரணமும் எழுதியிருந்தார்களாம்: போனால் ஊருக்குத் திரும்புவார் என்று நம்புவதற்கு இங்கே போதிய பிடிப்பு இல்லை. எங்கும் போகமாட்டான் என்று நாங்கள் எதையெல்லாம் வைத்துக் கணக்குப் போட்டோமோ, அதே காரணங்களை வைத்து, போனால் திரும்பமாட்டான் என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கூலிக்குத் தொழில், சொந்தக் காணி இல்லை, சேமிப்பு இல்லை. எனக்கு முதலில் வந்தது ஆறுதல். அவன் நிற்கிறான். பிறகுதான் அவன் நிற்பதற்கு இங்கே ஒன்றும் மிச்சமில்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்த ஆறுதல் யாருக்கும் உதவாத ஆறுதல்.

கழகம் லீக்கில் இல்லை என்பதை அவனுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று ஒரு பின்னேரம் குருநகருக்குப் போனேன். வீட்டில் தாய் மட்டும் இருந்தார். புண் கட்டிய காலை ஒரு மர வாங்கில் நீட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். வேண்டாம் என்று மறித்தேன். சின்ன மகளைக் கூப்பிட்டுச் சோடா வாங்கக் கடைக்கு அனுப்பினார்.

“நீங்கள்தானே தம்பி அந்த லண்டன் கழகம்?” என்றார்.

“இல்லையம்மா, உரும்பிராய்.”

“ஓம், ஓம். அந்தக் கழகம்தான்.” அவருக்கு அதில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. “மூண்டு கழகம் இவனைக் கேட்டது, தம்பி. ஒண்டுக்கு வெளியிலை ஒருத்தரும் இல்லையாம். மற்றதுக்குச் சுவிசிலை கிளை இருக்காம், ஆனா அங்கை உந்த விளையாட்டுப் பெரிசா இல்லையாம். இவன் எல்லாம் விசாரிச்சுப் பாத்துத்தான் உங்களிட்டை வந்தவன். நல்லாப் பந்து போட்டா கூப்பிடுவினம், அம்மா எண்டு சொன்னவன்.”

நான் சோடாப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். சனசமூக நிலையத்தில் மரண அறிவித்தலை விரித்து வைத்துக்கொண்டு நாங்கள் ஆள் தெரிந்தெடுத்த அதே நாட்களில், இந்த வீட்டிலும் கழகங்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்திருக்கிறார்கள். எங்களைவிடக் கெட்டித்தனமாகவே அளந்திருக்கிறார்கள்.

“ஒருக்கா அனுப்பிவிடுங்கோ, தம்பி,” என்றார் தாய். “கெட்டிக்காரன் எண்டு எல்லாரும் சொல்லுகினம். அவன் போடுறதை நான் ஒருநாளும் பாத்ததில்லை.”

நல்லாகப் போடுவான் என்று சொன்னேன். அது ஒன்றுதான் அன்று நான் அந்த வீட்டில் சொன்ன உறுதியான சொல்.

அவன் கடற்கரையில் நின்றான். தகப்பனோடு சேர்ந்து வலையைத் தட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டு கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தான். விரல்களில் நூல் வெட்டிய காயங்கள். பந்து பிடிக்கிற விரல்களும் அவைதான். விசா பற்றி இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

“அடுத்த மட்ச் எப்ப, அண்ணை?” என்றான்.

“மட்ச் இல்லை. லீக்கிலை இருந்து எடுத்துப்போட்டாங்கள்.”

“அண்டைக்குத் தோத்ததாலையோ?”

“அண்டைக்கு மட்டுமில்லை,” என்றேன். அவன் தலையில் அதைப் போட எனக்கு மனமில்லை. “போன வருசமும் கடைசிதானே.”

“அப்ப அடுத்த வருசம்?”

“மென்பந்து வேணுமெண்டா ஆடலாம். அதுக்கும் ஆள் சேருமோ தெரியாது. கழகம் முடிஞ்சுது எண்டு வை, தம்பி.”

அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அவன் அழுவான் என்றுகூட நினைத்தேன்.

“கழகம் இல்லாட்டிலும்,” என்றான் மெதுவாக, “லண்டன் கிளை இருக்கும்தானே, அண்ணை?”

நான் யோசித்துப் பார்த்தேன். இருக்கும். கோடையில் எங்கள் ஊரின் பெயரைச் சேட்டில் போட்டுக்கொண்டு முழங்கால் போனவர்கள் மைதானத்துக்கு இறங்குவார்கள். அவர்களுக்குப் பந்து போட ஆள் தேவைப்படும். இங்கே மாடு மேய்வது அவர்களுக்கு ஒரு தடையும் இல்லை.

“ஓம்,” என்றேன். “அது இருக்கும்.”

“அப்ப பரவாயில்லை,” என்றான். பிறகு, சனிக்கிழமை பயிற்சிக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டான்.